ஆவுடையம்மாள் கடைத் தொலைபேசியில் ராஜாத்தி பேசிய ஆங்கிலம்

மாலைநேர ஆங்கில வகுப்பின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, ஒலிபெருக்கி உயரமாக இருந்தாலும் அதைவிட உயர்ந்த உள்ளத்தோடு அமர்ந்திருக்கும் அன்னை சுகிர்தம் அவர்களே! கல்மண்டபத்தின் இந்தக் கூடத்தை எங்கள் வகுப்புக்குக் கதவு திறந்து தந்த தொழிற்சங்கப் பெரியவர்களே! துறைமுகத்தில் சுமை இறக்கி, பெரம்பூர்ப் பட்டறையில் ரயில் பெட்டி பூட்டி, சாத்தாங்காட்டில் இரும்பு அறுத்து, சட்டையில் எண்ணெய்க் கறை உலராமல் வந்து அமர்ந்திருக்கும் சகோதரர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடோடி வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! பின்வரிசையில் நின்றுகொண்டு, "இந்தம்மா எப்ப முடிக்கும்?" என்று கடிகாரத்தைப் பார்க்கும் தம்பிமார்களே! பகலில் பாரிமுனையில் ஒரு கிளியரிங் கம்பெனியில் தட்டச்சு அடித்து, மாலையில் உங்களோடு சேர்ந்து ஆங்கிலம் படித்துக்கொண்டே ஆங்கிலம் சொல்லித்தரும் வியாசர்பாடி ரமாபாயின் அன்பு கலந்த வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக!

தலைவர் எனக்குத் தந்திருக்கும் தலைப்பைக் கேளுங்கள். "ஆங்கில வாக்கியத்தில் இன்ஃபினிட்டிவும் ஃப்ரேசல் வெர்பும் எப்படி வேலை செய்கின்றன?" யாரோ சிரிக்கிறார்கள். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்! விழா என்றால் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள், பட்டிமன்றம் வைப்பார்கள். விழா வைத்து இலக்கணம் பேசுகிறவர்கள் இந்த ராயபுரத்திலேயே நாம் மட்டும்தான்! ஆனால் தாய்மார்களே, இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து போன ஆண்டு நம் தெருவையே அழவைத்தன. அந்தக் கதைக்குத்தான் போகிறேன். வழியில் கொஞ்சம் இலக்கணம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஃபினிட்டிவ் என்றால் என்ன? பயப்படாதீர்கள். டு கோ, டு ஈட், டு டாக். போக, சாப்பிட, பேச. அவ்வளவுதான்! யார் போகிறார்? சொல்லாது. எப்போது போகிறார்? சொல்லாது. போனாரா இல்லையா? அதையும் சொல்லாது. அது இன்னும் நடக்காத வினை. நடக்கவேண்டும் என்று வாசலில் காத்துக்கிடக்கும் வினை. ஆசைக்குப் பின்னால் வரும்: ஐ வாண்ட் டு கோ. கட்டாயத்துக்குப் பின்னால் வரும்: ஐ ஹேவ் டு கோ. முயற்சிக்குப் பின்னால் வரும்: ஐ ட்ரை டு கோ. முரண்டு பிடித்தாலும் வரும்: ஐ ரெஃப்யூஸ் டு கோ!

நம் அசோகன் அண்ணனை உங்களுக்கெல்லாம் தெரியும். துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன். வகுப்பில் சேர்ந்த புதிதில் அவர், "ஐ வாண்ட் கோ" என்றுதான் சொல்வார். நான் சொன்னேன், "அண்ணே, வாண்ட் என்பது உங்க கிரேன். கோ என்பது கீழே கிடக்கும் சுமை. நடுவில் கொக்கி எங்கே?" அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "டு தான் கொக்கியா? இத்த மொதல்லியே சொல்லக்கூடாதா டீச்சர்?" என்றார். அன்றிலிருந்து அவர் கொக்கியைத் தவறவிட்டதே இல்லை. கேன், வில், மஸ்ட் போன்ற சொற்களுக்கு மட்டும் கொக்கி தேவையில்லை, அவை வெறுங்கையால் தூக்கிவிடும் என்று சொல்லி முடிப்பதற்குள், "எங்க ஷெட்டுல கூட அப்டி நாலு பேரு கீறானுங்கோ" என்றார்.

அவரிடம் ஒரு நாள், "பீடியை நிறுத்திவிட்டேன் என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்றேன். "ஐ ஸ்டாப்ட் டு ஸ்மோக்" என்றார். "அண்ணே, ஸ்டாப்ட் ஸ்மோக்கிங் என்றால்தான் பீடியை நிறுத்தினீர்கள் என்று பொருள். ஸ்டாப்ட் டு ஸ்மோக் என்றால், பீடி குடிப்பதற்காக வேலையை நிறுத்தினீர்கள் என்று பொருள்" என்றேன். மனிதர் வெட்கமே இல்லாமல், "அதான் டீச்சர் நெசம்!" என்றார். அதோ, கைதட்டலைப் பாருங்கள், எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறார்!

இனி ஃப்ரேசல் வெர்ப். பெரிய வினைச்சொல்லின் தோளில் ஒரு பொடிச்சொல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அதன் பொருளையே மாற்றிவிடும். லுக் என்றால் பார். லுக் ஃபார் என்றால் தேடு. லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். கிவ் என்றால் கொடு. கிவ் பேக் என்றால் திருப்பிக் கொடு. கிவ் அப் என்றால் கைவிடு; அசோகன் அண்ணன் பீடியை விட்டால் அதுவும் கிவ் அப்தான். புட் என்றால் வை. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. புட் அப் வித் என்றால் சகித்துக்கொள்; அதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் முன்வரிசைத் தாய்மார்களைக் கேளுங்கள்!

இது என்ன அநியாயம், இப்படியும் ஒரு மொழி உண்டா என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். நான் கேட்கிறேன், நாம் மட்டும் என்ன செய்கிறோம்? விடு என்றால் விடு. கொடு என்றால் கொடு. விட்டுக்கொடு என்றால்? அது வேறு! விட்டுப்பிடி என்றால்? அது வேறு! கண்டேன் என்றால் பார்த்தேன். "கண்டுக்காத" என்றால் பார்த்தும் பாராமல் போ! நம் பேச்சைத் திரையில் கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். "வந்துகினு கீறான்" என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு "கமிங் அலாங்" என்பது எம்மாத்திரம்? பல்லில்லாத வாய்க்குப் பக்கோடாவையா கொடுத்துவிட்டோம்? பழகிய வாய்க்குப் பழகிய பண்டத்தைத்தானே கொடுக்கிறோம்!

சற்றுப் பொறுங்கள், கண்டெய்னர் லாரி போகட்டும். அதற்கும் ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது.

போயிற்றா? சரி. இப்போது ராஜாத்திக்கு வருகிறேன்.

என் தோழி ராஜாத்தியை மேடை நாகரிகத்துக்காக 'அவர்' என்று சொன்னால் அவளுக்கே சிரிப்பு வரும். ஆகவே அவள் என்றே சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் அடுத்த வாசல். அவள் கணவர் லோகநாதன், கப்பலில் ஃபிட்டர். உலகத்துத் துறைமுகமெல்லாம் சுற்றுகிற சரக்குக் கப்பல். போன ஆண்டு மழைக்காலத்தில், ஸ்காட்லாந்துக் கரையை நெருங்கும்போது, இயந்திர அறையின் இரும்புப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. கப்பல் காத்திருக்குமா? சரக்கை ஏற்றிக்கொண்டு அது போய்விட்டது. தமிழ் தெரிந்த ஒரு முகம் இல்லாத ஊரில், பனி கொட்டும் சன்னலோரத்தில், அந்த மனிதர் தனியாகக் கிடந்தார்.

இங்கே கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட் ஆபீசில் ராஜாத்தி போய்க் கேட்டால் ஒரே பதில்: "நல்லா இருக்காரும்மா." மறுபடி போனால், "நல்லா இருக்காரும்மா." அவள் என்னிடம் வந்து நின்றாள். "நல்லா கீறாருன்னா என்னாண்ட ஒரு வார்த்த பேசமாட்டாரா ரமா? மூச்சு வுடாம பேசற மன்சன். இவ்ளோ நாளு பேசாம கீறாருன்னா, நல்லா இல்லன்னு அர்த்தம்" என்றாள். பிறகு, "ஆஸ்பத்திரி நம்பர வாங்கிகினு வந்துட்டேன். நானே பேசறேன். எனக்கு இங்கிலீஸ் சொல்லிக் குடு" என்றாள்.

சபையோரே! ஆங்கிலம் எதற்குப் படிக்கிறார்கள்? வேலைக்குப் படிப்பார்கள், வெளிநாட்டுக்குப் படிப்பார்கள், பெருமைக்குப் படிப்பார்கள். கட்டிய கணவன் உயிரோடு இருக்கிறானா என்று அவன் வாயாலேயே கேட்பதற்காகப் படித்தவள் என் ராஜாத்தி!

பாடப் புத்தகத்தை மூடினோம். வகுப்பே அவளுக்காக மாறியது. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கிற ரோஸ்மேரி, மருத்துவமனை ஆபரேட்டராக நடித்தாள். கையில் ரிசீவருக்குப் பதில் ஒரு செருப்பு. அசோகன் அண்ணன் டாக்டர்; கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் காட்டிய தோரணையை உண்மையான டாக்டர்கள் பார்த்திருந்தால் வேலையை விட்டிருப்பார்கள். "ஐ வாண்ட் டு டாக் டு மை ஹஸ்பெண்ட்" என்பாள் ராஜாத்தி. "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்" என்பாள் ரோஸ்மேரி. ஹோல்ட் என்றால் பிடி. ஹோல்ட் ஆன் என்றால் வைத்துவிடாதே, காத்திரு. "ஐ வில் புட் யூ த்ரூ" என்றால் இணைப்புத் தருகிறேன். அம்மி அரைத்துக்கொண்டே சொன்னாள். தண்ணீர்க் குடத்தோடு சொன்னாள். ரேஷன் வரிசையில் நின்றுகொண்டு சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள், "இன்னாமே, தானா பேசிக்கினு கீற?" என்று கேட்டார்கள். "வூட்டுக்காரராண்ட பேசறேன்" என்றாள்.

அந்த நாள் வந்தது. நமக்கு மாலை, அங்கே நண்பகல். எங்கள் தெருமுனையில் திருநெல்வேலி ஆவுடையம்மாள் அக்காளின் மளிகைக்கடை. அதற்குள் கண்ணாடிக் கதவு போட்ட ஐ.எஸ்.டி. பூத். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? ஒரு வீட்டுக்குப் போன் என்றால் அது தெருவுக்கே போன்! அரிசி வாங்க வந்தவர், அரட்டைக்கு வந்தவர், அவசரமாகப் போனவர், அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு யோசனை. "மொதல்ல குட் மார்னிங் சொல்லு!" "அங்க மார்னிங்கா தெரிலியே!" "சத்தமா பேசு, ரொம்ப தூரம்!"

அசோகன் அண்ணன் கடைப்படியில் ஏறி நின்றார். "இந்தாங்கோ! கொக்கி தொங்கசொல்ல ஒருத்தன்தான் கை காட்டணும். பத்து பேரு காட்டினா சரக்கு தலைமேல வுழும். அந்தப் பொண்ணு பேசட்டும். ஒர்த்தரும் வாயத் தொறக்கக்கூடாது!" என்றார். கையை உயர்த்தி முஷ்டியை மடக்கினார். துறைமுகத்தில் அதற்கு 'அப்படியே நில்' என்று பொருள். தெரு அப்படியே நின்றது. "பேசுட்டி, பயப்படாத" என்று ஆவுடையம்மாள் அக்காள் கதவைச் சாத்தினார். உள்ளே ராஜாத்தியும், அவள் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் காதை நீட்டியபடி நானும்.

எண்ணை அழுத்தினோம்; மறுமுனையில் மணி அடித்தது. ஒரு பெண்குரல். ராஜாத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "ஐ வாண்ட் டு டாக் டு மை ஹஸ்பெண்ட்." அங்கிருந்து இனிமையாக ஒரு கேள்வி வந்தது: "வாட் இஸ் ஹிஸ் நேம், ப்ளீஸ்?"

ராஜாத்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

எங்கள் ஒத்திகையில் இருந்த ஓட்டை அப்போதுதான் தெரிந்தது! செருப்பைக் காதில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் நடித்த ரோஸ்மேரி, ஒருமுறைகூடப் பெயர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கட்டியவள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள் என்பது எங்களுக்கெல்லாம் அவ்வளவு இயல்பு! யோவ் என்பாள், இந்தா என்பாள், சண்டை வந்தால் இன்னும் என்னென்னவோ சொல்வாள். பெயர் மட்டும் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். ஸ்காட்லாந்தில் பக்கத்தில் நிற்பவருக்கு எங்கே போவது?

"நேம், ப்ளீஸ்?" என்றது குரல். "மை ஹஸ்பெண்ட்" என்றாள். "யெஸ், பட் ஹிஸ் நேம்?" "மை ஹஸ்பெண்ட்!" என்றாள் மறுபடியும், அழுகைக் குரலில். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண்ணாடிக் கதவைக் காலால் தள்ளித் திறந்து, தெருவைப் பார்த்து, "எங்க வூட்டுக்காரர் பேரு இன்னா, சொல்லுங்களேன்!" என்று கத்தினாள். அசோகன் அண்ணன் மடக்கிய முஷ்டியை விரித்தார். அவ்வளவுதான்! அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த வாயெல்லாம் ஒன்றாகத் திறந்தது. "லோகநாதன்!" கடல் கடந்து, மலை கடந்து, பனி கடந்து அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் "தேங்க்யூ, ஐ ஹெர்ட் தட். ஹோல்ட் ஆன் ப்ளீஸ், ஐ வில் புட் யூ த்ரூ" என்றாள்.

அடுத்து வார்டிலிருந்து ஒரு தாதியின் குரல். புண் ஆறிவருகிறது என்று சொல்லிவிட்டு, பிறகு மெல்லச் சொன்னாள். "ஹி ரெஃப்யூசஸ் டு ஈட். ஹி ரெஃப்யூசஸ் டு டாக். ஐ திங்க் ஹி ஹாஸ் கிவன் அப்."

ராஜாத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரமா, அசோகன் அண்ணனுக்குப் பீடிய வுட்றதுக்கு சொல்லிக்குடுத்தியே, அந்த கிவ் அப்பா?" என்றாள். நான் தலையசைத்தேன். "எத்த வுட்டுட்டாரு?" என்று கேட்டாள்.

நான் என்ன பதில் சொல்வேன், தாய்மார்களே? சாப்பிட மறுக்கிறார், பேச மறுக்கிறார். புண் ஆறுகிறது, மனிதர் ஆறவில்லை. எதை விட்டுவிட்டார் என்று நான் எப்படி என் வாயால் சொல்வேன்?  அவளே புரிந்துகொண்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒத்திகையில் இல்லாத ஒரு குரலில் சொன்னாள்: "ப்ளீஸ். ஐ வாண்ட் டு டாக் டு ஹிம். நௌ."

அந்த முகம் தெரியாத சகோதரி நல்லவள். தொலைபேசியைச் சக்கர வண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போய், ரிசீவரை அவர் காதில் வைத்தாள். ராஜாத்தி பேசினாள். "யோவ், நாந்தான்யா. இந்தா, கேக்குதா? தெருவே வந்து நிக்குதுய்யா." பதில் இல்லை. கெஞ்சினாள். பதில் இல்லை. திட்டினாள். அதற்கும் பதில் இல்லை! லோகநாதன் திட்டுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததை நாங்கள் யாரும் கண்டதில்லை. தாதியின் குரல் திரும்ப வந்தது. "ஐ ஆம் ஸாரி. ஐ ஹேவ் டு கோ. ட்ரை டு கால் பேக் டுமாரோ."

நாளைக்கு! சாப்பிடாமல் கிடப்பவனுக்கு நாளை என்பது எவ்வளவு தூரம்? ராஜாத்தி, "ஹோல்ட் ஆன்!" என்றாள். ரோஸ்மேரி அவளிடம் சொன்ன சொல்லை அவள் ஸ்காட்லாந்துக்கே சொன்னாள். "ஹோல்ட் ஆன், ப்ளீஸ்!" தாதி ரிசீவரை மறுபடியும் அவர் காதில் வைத்தாள். என் தோழி ஒரு கையால் தாலியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக்க மூடினாள். பிறகு, திருமணமான நாளிலிருந்து சொல்லாத சொல்லை, தெருவே கேட்கும்படிச் சொன்னாள்.

"லோகநாதா!"

 என் காதில் கடலிரைச்சல் மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள்ளிருந்து, தொண்டை வறண்டு, தேய்ந்து, ஒரு குரல் வந்தது.

"இன்னாமே... பேர் சொல்லிக் கூப்புட்ற?"

கூப்புட்ற என்றா கேட்டார் மகராசன்! ராஜாத்தி அழுதுகொண்டே கத்தினாள். "கூப்புடுவேன்! நீ துன்ற வரிக்கும் கூப்புடுவேன்! நீ ஏந்துக்கிற வரிக்கும் கூப்புடுவேன்! லோகநாதா! லோகநாதா! இன்னா பண்ணுவ? வந்து கேளு, வா!" அந்தப் பக்கம் ஏதோ உருளும் சத்தம், தாதி யாரையோ அழைக்கும் சத்தம். பிறகு அவள் குரல், இந்த முறை அவளும் பாதி அழுகையோடு: "ஹி வாண்ட்ஸ் டு சிட் அப்!"

ராஜாத்தி திறந்திருந்த கதவு வழியே தெருவுக்கு மொழிபெயர்த்தாள். "ஏந்து குந்தணுமாம்!"

ஆவுடையம்மாள் அக்காள் மிட்டாய்ப் பாட்டிலை அப்படியே கவிழ்த்தார். அசோகன் அண்ணன் தம் கையால் தம் முகத்தை மூடிக்கொண்டார். ஊருக்கெல்லாம் சிக்னல் காட்டும் கை அன்றைக்கு அதற்குத்தான் பயன்பட்டது.

தலைவர் அவர்களே! தலைப்புக்கு வந்துவிட்டேன், கவலைப்படாதீர்கள். "ஹி வாண்ட்ஸ் டு சிட் அப்." இதில் இன்ஃபினிட்டிவ் எங்கே? டு சிட். ஃப்ரேசல் வெர்ப் எங்கே? சிட் அப். சிட் என்றால் வெறுமனே உட்கார். சிட் அப் என்றால் படுத்துக்கிடப்பவன் நிமிர்ந்து உட்கார்! அவர் அப்போது உட்கார்ந்துவிட்டாரா? இல்லை! உட்கார முடிந்ததா? அன்றைக்கு முடியவில்லை! ஆனால் உட்கார வேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பம் போதாதா? நடக்காத வினைக்கு உள்ள மரியாதை அதுதானே! எழ, நிமிர, நடக்க, திரும்ப, வாழ! நம் குடியிருப்புகளில் நிறைவேறாத வினைகள் ஆயிரம் கிடக்கின்றன. நிறைவேறவில்லை என்று அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விரும்புகிறவன் இன்னும் விட்டுவிடவில்லை. விட்டுவிடாதவனை அழைக்க ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலுக்கு ஒரு கடல் தாண்ட வேண்டியிருந்தால், ஒரு மொழியைக் கற்றுக்கொண்டு தாண்டுவோம்! நம் தமிழை இங்கே வைத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. அதை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டே தாண்டுவோம்!

கைதட்டல் போதும், கைதட்டல் போதும்.

லோகநாதன் பங்குனியில் ஊர் திரும்பினார். அதோ, மின்விசிறிக்குக் கீழே, ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவைத்துவிட்டு, மனைவியைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிறாரே, அவர்தான். ராஜாத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள். என்னது? பெயரைச் சொல்லச் சொல்லவா? தாய்மார்களே, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்துதான் மேடை ஏறுமுன் நானே கேட்டுவிட்டேன். "ராஜாத்தி, ஒரு கடலே தாண்டிக் கூப்பிட்டாயே, இப்போதெல்லாம் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறாய்?" என்றேன்.

"இன்னா ரமா நீ? அத்த அவசரத்துக்கு வச்சிக்கீறேன். சும்மா சும்மா எட்த்தா தேஞ்சி பூடும்" என்றாள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், புடவைத் தலைப்பை நனைத்த தாய்மார்க்கும், கடிகாரத்தை மறந்துபோன தம்பிமார்க்கும் என் நெஞ்சின் நன்றி. உங்கள் வீட்டில் தேயாமல் பத்திரமாக இருக்கும் அத்தனை பெயர்களுக்கும் என் வணக்கம்!